சிஞ்ஞோர் விதுரனுக்கு ஒரு கதிரை

இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கால்சாப் பகுதியில், கடற்கரைத் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பழைய மாளிகை ஒன்றின் மேல்மாடியில், அம்பிகையும் லில்லியானும் ஒரு படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள் அவை. காலையில் ஒரு கூட்டம் வெளியேறினால், பின்னேரம் அடுத்த கூட்டம் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து நிற்பதற்குள் விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, துவாய்களை மடித்து வைத்துவிட வேண்டும். வேலை நேரத்தில் அம்பிகை ஃபோனைத் தொடுவதில்லை. அன்று அது 'டிங்' என்றதும் கை தானாகப் போனது.

பார்த்தவள் விரிப்பின் நுனியை விட்டுவிட்டாள். "ஐயோ, லில்லியான்!"

"என்ன, யாருக்கு என்ன?" லில்லியான் பதறிப்போனாள். அவள் மொரிசியஸ்காரி. வம்சம் தமிழ் வம்சம்தான், ஆனால் காவடிப் பாட்டில் இரண்டு வரிக்கு மேல் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொதுப்பாஷை இத்தாலியன்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. பிள்ளைக்காசு வந்திட்டுது! வராமல் கிடந்த மாதமெல்லாம் சேத்து ஒண்டாய் வந்திட்டுது!" என்று அம்பிகை தமிழில் கத்தினாள். கத்தி முடித்தபிறகுதான் ஞாபகம் வந்து அதையே இத்தாலியனில் சொன்னாள். லில்லியான் கட்டில்மேல் ஏறி வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். புதிதாக விரித்த விரிப்பு கசங்கிப்போனது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் போடும் பணம் அது. மற்ற வீடுகளுக்கெல்லாம் வந்துகொண்டிருந்த காசு இவர்கள் வீட்டு வாசலை மட்டும் மிதிக்காததற்கு அரசாங்கம் காரணமில்லை. அம்பிகையின் கணவன் விதுரனின் அதிகெட்டித்தனம்தான் காரணம். நம்மவர் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால் வரும். இத்தாலிக்காரன் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வான். ஆகவே பத்திரங்களில் விதுரனின் குடும்பப் பெயர் கோபாலசிங்கம், அவனுடைய மகள்மாரின் குடும்பப் பெயர் விதுரன். ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர் இருந்தால் இவர்கள் குழம்பிவிடுவார்களே என்று விதுரன் தானாகவே யோசித்து, விண்ணப்பத்தில் பிள்ளைகள் இருவரையும் கோபாலசிங்கம் ஆக்கிவிட்டான். அப்படி இரண்டு பிள்ளைகள் பதிவில் எங்குமே இல்லை. விண்ணப்பம் அப்படியே தூங்கிவிட்டது.

பலெர்மோத் தமிழருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் பேரின்பநாயகம் அண்ணைதான் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தார். "எட விதுரன், கொப்பற்றை பேரைப் பிள்ளையளுக்குப் போட்டால் அதுகள் உனக்குத் தங்கச்சிமாரெல்லோ! தங்கச்சிமாருக்கு ஆர் பிள்ளைக்காசு தருவினம்?" என்று அவர் சிரித்த சிரிப்பு கோயிலடி வரைக்கும் பரவி, கொஞ்ச நாள் விதுரனால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. இப்போது காசே வந்துவிட்டது. இனி யார் சிரித்தால் என்ன?

"என்ன செய்யப் போகிறாய்?" என்று லில்லியான் விரிப்பை மறுபடி இழுத்துக்கொண்டே கேட்டாள். தன் மகன் தேவெனுக்கு வரும் காசை அவள் மாதக் கடைசிவரை வைத்திருப்பதே இல்லை. நீச்சல் வகுப்பு, பந்துச் சப்பாத்து, மிச்சத்துக்கு ஐஸ்கிரீம்.

"சங்கிலி வாங்குவேன். பெண் பிள்ளைகள்."

"சங்கிலியைத் தின்ன முடியுமா?"

"அடகு வைத்தால் தின்னலாம்" என்றாள் அம்பிகை.

திங்கட்கிழமை விதுரனுக்கு ஓய்வு நாள். மொண்டெல்லோவில், காசு கட்டி உள்ளே போகும் கடற்கரை ஒன்றில் அவனுக்கு வேலை. விடிய எழும்பி மணலை வாரிச் சமப்படுத்துவான். குடைகளை நட்டு, சாய்மனைக் கதிரைகளை வரிசை வரிசையாகப் போட்டு, பொழுதுபட எல்லாவற்றையும் திரும்ப அடுக்குவான். அன்று மத்தியானம் புட்டும் சூரைமீன் குழம்பும் வைத்து, வீடு முழுக்கக் கூடியிருந்து பிள்ளைக்காசுக்கு வழி தேடியது.

"சங்கிலி. ஆளுக்கொண்டு" என்றாள் அம்பிகை.

"ஃபிரிட்ஜ்" என்றான் விதுரன். "இது இந்தக் கோடை தாங்காது. பாலை வைச்சால் தயிராத் தருது."

"கிழங்குப் பொரியல் போட்ட பீஸா" என்றாள் சின்னவள் கேசிகா. "ஒவ்வொரு நாளும்."

மூத்தவள் லக்ஷனாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் புட்டை உதிர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்தக் காசு ஆற்றை பேரிலை வந்தது?"

"உங்கடை பேரிலைதான்."

"அப்ப எங்களிட்டையும் கேக்க வேணுமெல்லோ."

"இந்தா, கேக்கிறம். சொல்லுங்கோ மகாராணி" என்றான் விதுரன்.

"அப்பாவின்ரை பீச்சிலை ஒருநாள். முன்வரிசை. நாலு கதிரை." லக்ஷனா தலையை நிமிர்த்தினாள். "அப்பாவும் படுக்க வேணும். ஆர் கூப்பிட்டாலும் எழும்பக் கூடாது."

அம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. "விசர்ப் பெட்டை! கடல் சும்மாதானே கிடக்கு. பக்கத்திலை காசில்லாத மணல் இருக்கு. துணியை விரிச்சுப்போட்டு இருந்தாப் போதாதோ?"

"போன வருசம் அதிலைதான் இருந்தனாங்கள். இருந்துகொண்டு அப்பா கதிரை காவுறதைப் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்." அவள் மறுபடி புட்டை உதிர்த்தாள். "வகுப்பிலை ஜூலியா சொல்லுறாள், உன்ரை அப்பா ரண்டு கதிரையை ஒரு கையாலை தூக்குவார் எண்டு. அவள் நல்லதாத்தான் சொன்னவள். எனக்குத்தான் அழுகை வந்தது."

விதுரன் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. பெரிய திட்டம் ஒன்று மண்டைக்குள் புகுந்தவனின் முகம் அது.

"முன்வரிசையெண்டால் எல்லா இடமும் நல்லமில்லை" என்று மேசையில் விரலால் கோடு போட்டான். "இஞ்சாலைப் பக்கம் ரேடியோச் சத்தம். அங்காலை ஷவர் தண்ணி ஓடி வரும். இந்தா, இந்த இடம். காத்தும் வரும், மலையும் வடிவாத் தெரியும்."

"இவருக்கு முதலே ஆசை இருந்திருக்கு!" என்று அம்பிகை கையைத் தட்டினாள்.

"ஒரு விசயம். முதலாளிக்குத் தெரியப்பிடாது. வேலைக்காரர் விருந்தாளியின்ரை கதிரையிலை குந்தப்பிடாது எண்டது அங்கத்தைச் சட்டம். ஓய்வு நாளிலை காசு குடுத்துப் போனால் நானும் விருந்தாளிதான். ஆனா முன்கூட்டிச் சொன்னமெண்டால், காசு வேண்டாம் கோபாலோ, பின்வரிசையிலை இருங்கோ எண்டு பெரிய மனுசன் மாதிரிச் சொல்லுவான். பேந்து அதைச் சொல்லிச் சொல்லியே வேலை வாங்குவான்."

அங்கே அவன் பெயர் கோபாலோ. கோபாலசிங்கம் என்ற பத்திரப் பெயரை அப்படி வெட்டிச் சுருக்கியிருந்தார்கள். செத்துப்போன தகப்பனின் பெயரைச் சொல்லித்தான் நாள் முழுக்க அவனை ஏவினார்கள். விதுரன் என்று ஒருவன் அந்தக் கடற்கரைக்கு வந்ததே இல்லை.

லக்ஷனா அப்போதே ஃபோனை எடுத்தாள். அடுத்த திங்கட்கிழமை, முன்வரிசை, அப்பா காட்டிய இடம், நாலு கதிரை. பதிவுப் பக்கம் குடும்பப் பெயர் கேட்டது. தன்னுடையதைப் போட்டாள்: விதுரன். காசு அம்மாவின் அட்டையில் இருந்து போனது. சங்கிலி இரண்டு ஒன்றாகச் சுருங்கியது. ஃபிரிட்ஜ் இன்னொரு கோடைக்குத் தயிர் தரட்டும் என்று விட்டார்கள். பீஸா ஒரு தரம் என்று கேசிகாவோடு பேரம் முடிந்தது.

அந்தக் கிழமை வீட்டில் ஒருவருக்கும் கால் நிலத்தில் படவில்லை. பலாரோச் சந்தையில் அம்பிகை பிள்ளைகளுக்கு நீச்சலுடை பார்த்தாள், விலை பேசிக் குறைத்தாள், குறைத்த காசில் தனக்கொரு கறுப்புக் கண்ணாடி வாங்கினாள். லக்ஷனா அப்பாவுக்கு நீலப் பூப்போட்ட சட்டை ஒன்று எடுத்தாள். "இதைப் போட்டால் உங்களை ஒருத்தருக்கும் மட்டுக்கட்டேலாது" என்றாள். விதுரன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தான். லில்லியான் அகலத் தொப்பி ஒன்றைக் கடன் கொடுத்து, "படம் எடுத்து அனுப்பு, இல்லாவிட்டால் தொப்பியைப் பிடுங்குவேன்" என்றாள். ஞாயிறு பின்னேரம் மீன் ரோல்ஸ் பொரிக்கும் வாசம் படிக்கட்டு வரை இறங்கியது.

அந்த நேரத்தில்தான் விதுரனின் ஃபோன் அடித்தது. முதலாளி சால்வோ. கூட வேலை செய்யும் பெடியன் ஒருவன் சொல்லாமல் நின்றுவிட்டானாம். நாளைக்கு வா என்றான். விதுரன் தனக்கு ஓய்வு நாள் என்று இழுத்தான். சால்வோ கோபப்படவில்லை. "நாளைக்கு வராவிட்டால் நாளை மறுநாளும் வர வேண்டாம், கோபாலோ. நீயே யோசி" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

யோசிக்க அதிகம் இருக்கவில்லை. செப்டெம்பரில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டும். வேலை இல்லாமல் வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது லேசில்லை. அது போனால் பிள்ளைக்காசும் போகும்.

"கட்டின காசு திரும்பி வருமோ?" என்று அம்பிகை கேட்டாள்.

"வராது."

லக்ஷனா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். விதுரன் கதவடியில் போய் நின்றான். "இஞ்சை பாரம்மா. மத்தியானம் எனக்கு அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரம் இருக்கு. முதலாளியும் அந்த நேரம் உள்ளுக்கை போயிருந்து சாப்பிடுவான். மஞ்சள் பெனியனைக் கழட்டிப்போட்டு உன்ரை சட்டையைப் போட்டுக்கொண்டு வாறன். வந்து படுக்கிறன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"கூப்பிட்டா?"

"எழும்பமாட்டன்."

கதவு திறந்தது. அரை மணித்தியாலமாவது மிஞ்சியதே என்று வீடு மறுபடி கலகலத்தது. ரோல்ஸ் இன்னும் சூடாகவே இருந்தது.

மறுநாள் காலை விதுரன் மணலை வாரி முடித்து நிமிரும்போது சால்வோ கூப்பிட்டான். "கோபாலோ! முன்வரிசையில் நாலு கதிரை போடு. சிஞ்ஞோர் விதுரன். முழுக்காசும் முன்னாலேயே கட்டிவிட்டார். நன்றாகத் துடைத்துப் போடு."

சிஞ்ஞோர் விதுரன். இத்தனை கோடையில் அந்த வாய்க்குள் இருந்து தன் பெயர் வந்து அவன் கேட்டதில்லை. அதுவும் 'சிஞ்ஞோர்', திருவாளர் என்ற மரியாதையோடு. அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி நின்று இருமினான். பிறகு நாலு கதிரைகளையும் தலையில் வைத்துக் கொண்டுபோய், காற்று வரும் அந்த இடத்தில் போட்டு, ஒவ்வொரு கம்பியையும் இடுக்கையும் துடைத்தான். ஒரு விருந்தாளிக்கும் அவன் அவ்வளவு துடைத்ததில்லை.

அவர்கள் வந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அகலத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அம்பிகை முன்னால் வர, கேசிகா "அப்..." என்று வாயெடுத்தாள். லக்ஷனா அவளுடைய வாயைப் பொத்தினாள்.

"போன்ஜோர்னோ, சிஞ்ஞோரா" என்று விதுரன் குனிந்து குடையை விரித்தான்.

"போன்ஜோர்னோ" என்றாள் அம்பிகை. அதற்கு மேல் அடக்க முடியாமல் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.

சால்வோ தூரத்தில் நின்று பார்த்தான். "உன் நாட்டுக்காரர்கள் போலிருக்கிறது. பார், உழைத்து முன்னுக்கு வந்துவிட்டார்கள்" என்றான்.

"சீ, சீ" என்று இத்தாலியனில் ஆமாம் போட்டு விதுரன் தலையாட்டினான்.

அம்பிகை கதிரையில் காலை நீட்டிச் சாய்ந்தாள். தினமும் யார் யாருக்கோ படுக்கை விரிப்பவள் அவள். தனக்கென்று இன்னொருவர் விரித்துவைத்த இடத்தில் அவள் படுத்ததே ஆஸ்பத்திரியில், இரண்டு பிள்ளைப்பேற்றின்போதும்தான். கடல் காலடியில் கிடந்தது. ஆழமில்லாத பச்சைத் தண்ணீரில் கேசிகா விழுந்து எழும்பிக் கத்தினாள். ஒரு பெடியன் வந்து குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டுப் போனான். அம்பிகை படம் எடுத்து லில்லியானுக்கு அனுப்பினாள். பிள்ளைக்காசில் இதைவிட நல்ல செலவு வேறொன்று இல்லை என்று அந்த நேரம் அவள் மனதார நம்பினாள். லக்ஷனா மட்டும் நாலாவது கதிரையில் அப்பாவின் துவாயை மடிப்புக் கலையாமல் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் தன் செருப்பை அதன்மேல் வைத்துவிட்டு, நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சால்வோ உள்ளே போன கையோடு, களஞ்சிய அறைப் பக்கமிருந்து நீலப் பூச்சட்டையில் ஒரு மனிதன் வந்தான். தலை வாரியிருந்தான். நடை கூட வேறாக இருந்தது. "சிஞ்ஞோர் விதுரன் வாறார்!" என்று லக்ஷனா தாழ்ந்த குரலில் துள்ளினாள்.

விதுரன் முதலில் விளிம்பில் குந்தினான். லக்ஷனா அவனுடைய இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்தாள். அவன் சாய்ந்தான். கேசிகா ஓடிவந்து ஈர உடம்போடு அவன் வயிற்றில் ஏறிக் கிடந்தாள். அம்பிகை ஒரு ரோல்ஸை அவன் வாயில் வைத்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"குடைக்கு உள்ளுக்கை வெள்ளைக் கோடு போட்டிருக்கு" என்றான் விதுரன் வியப்போடு. எத்தனையோ ஆயிரம் தரம் விரித்த குடை. கீழே படுத்துக்கொண்டு மேலே பார்த்தது இதுதான் முதல் தரம். "நான் இதைக் காணவே இல்லையப்பா."

நாலு பேரும் மேலே பார்த்துச் சிரித்தார்கள். அவனுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. அதை மறைக்கவும் அவன் முயலவில்லை.

"கோபாலோ!"

சால்வோவின் குரல் பின்வரிசைப் பக்கமிருந்து வந்தது. விதுரனின் உடம்பு அதுபாட்டில் எழும்பப் பார்த்தது.

"எழும்பாதேங்கோ" என்றாள் லக்ஷனா.

"கோபாலோ! எங்கே போய்த் தொலைந்தான் இவன்?"

"அப்பா, சொன்னனீங்கள்."

விதுரன் கேசிகாவை மெல்லத் தூக்கி இறக்கினான். மகளின் முகத்தைப் பார்க்காமல், குடைகளின் நிழலோடு நிழலாகக் குனிந்து போனான். களஞ்சிய அறையில் நீலச் சட்டைக்கு மேலேயே மஞ்சள் பெனியனை இழுத்து மாட்டிக்கொண்டு சால்வோவுக்கு முன்னால் வந்து நின்றான்.

சால்வோவின் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். இத்தாலியின் வடக்கில் இருந்து வந்த விருந்தாளி. மனைவிக்கு முன்வரிசையில் இடம் கிடைத்துவிட்டது, பக்கத்தில் அவருக்கும் ஒரு கதிரை வேண்டுமாம். சால்வோ கடற்கரையை ஒருமுறை அளந்து பார்த்தான். பிறகு விதுரனைக் கூட்டிக்கொண்டு நேரே முன்வரிசைக்கு வந்தான்.

"இதோ, விதுரனின் நாலாவது கதிரை. காலையிலிருந்து காலியாகக் கிடக்கிறது. இதை எடு."

லக்ஷனா எழுந்து துவாயின்மேல் கையை வைத்தாள். அவளுடைய இத்தாலியனில் பலெர்மோத் தெருவின் இழுப்பு இருந்தது. "இதில் ஆள் இருக்கிறார். இது என் அப்பாவின் கதிரை. காசு கட்டியிருக்கிறோம்."

"கட்டியிருக்கிறீர்கள், அழகுப் பெண்ணே, இல்லையென்று சொல்லவில்லை" என்றான் சால்வோ, மிகவும் தன்மையாக. "அப்பா எங்கே?"

லக்ஷனா அப்பாவைப் பார்த்தாள். மஞ்சள் பெனியனின் கழுத்தில் நீலப் பூ ஒன்று வெளியே தெரிந்தது. அவளுடைய உதடு திறந்தது. விதுரன் மிக லேசாகத் தலையை அசைத்தான். அம்பிகை மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

"சிஞ்ஞோர் விதுரன் இன்றைக்கு வரவில்லை" என்றான் விதுரன் இத்தாலியனில்.

"நீ அவரை அறிவாயா?"

"அறிவேன்."

"அப்படியானால் கண்டால் சொல்லிவிடு. வராத ஆளுக்குக் காசு திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை."

"சொல்கிறேன்" என்றான் விதுரன்.

துவாயை மடித்து மகளின் கையில் கொடுத்தான். கதிரையை மடக்கித் தலையில் ஏற்றினான். லக்ஷனா தன் கதிரைக்குத் திரும்பாமல், நாலாவது கதிரை இருந்த இடத்து மணலில் உட்கார்ந்தாள். "காசு குடுத்தது பிள்ளை, ஏறிப் படு" என்று அம்பிகை சொன்னாள். அவள் ஏறவில்லை.

வந்தவருடைய மனைவியின் பக்கத்தில் விதுரன் கதிரையை விரித்து வைத்து, இடுப்பிலிருந்த துணியை உருவிக் குனிந்தான். வந்தவருக்குக் களைப்பு. துடைத்து முடிக்கும்வரை பொறுக்காமல் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிவிட்டார். விதுரன் அவருடைய பாதங்களைச் சுற்றி, அவற்றில் படாமல், மிச்சத்தைத் துடைத்தான்.